நான்கு மடங்கு என்றால் எவ்வளவு?

எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களுக்கு சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் உறுதி செய்கின்றன. ஆனால் எவ்வளவு அதிகம் என்பதைப் புரிந்துகொள்ளாமல் பயந்தால், இந்தியாவில் அந்தப் பயத்துக்குக் கொடுக்கும் விலை சமயத்தில் கருப்பையாக இருக்கிறது.

எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதாக டாக்டர் சொல்லிவிட்ட எந்தப் பெண்ணுக்கும் அந்தக் கட்டுரையைப் படித்தால் தூக்கம் கெடும். 2024 ஜூலையில் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் 'ஜாமா' இதழில் வெளியானது அது. யூட்டா மாநிலத்தின் மக்கள்தொகைப் பதிவேட்டையும் மருத்துவப் பதிவுகளையும் ஆராய்ச்சியாளர்கள் அலசினார்கள். எண்டோமெட்ரியோசிஸ் உள்ள 78,000க்கும் மேற்பட்ட பெண்களை, அது இல்லாத பெண்களோடு ஒப்பிட்டார்கள். முடிவு: எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.2 மடங்கு. சினைப்பையில் கட்டியாகவோ, அடிவயிற்றுத் திசுக்களுக்குள் ஆழமாகவோ நோய் ஊடுருவியவர்களுக்கு ஏறக்குறைய 9.7 மடங்கு.

பத்திரிகைத் தலைப்புகளுக்கு இந்த இரண்டு எண்களும் போதுமானவையாக இருந்தன. அதே கட்டுரையில் இருந்த மூன்றாவது எண் அவ்வளவு கவனம் பெறவில்லை. ஆய்வுக் காலத்தில், எண்டோமெட்ரியோசிஸ் உள்ள 10,000 பெண்களில் அந்த நோயோடு தொடர்புபடுத்தக்கூடிய கூடுதல் சினைப்பைப் புற்றுநோய்கள் சுமார் 10. அதாவது ஆயிரத்துக்கு ஒன்று.

இரண்டு கணக்கும் சரியானவைதான். மிகச் சிறிய எண்ணை நான்கால் பெருக்கினாலும் சிறிய எண்தான் கிடைக்கும். ஆனால் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இதை யாரும் உட்காரவைத்து விளக்குவதில்லை. அவள் காதில் விழுவது "கட்டி", "கேன்சர்" என்ற இரண்டு சொற்கள். இந்த இரண்டு சொற்களைக் கேட்டே கருப்பையைக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் இந்த நாட்டில் ஏராளம்.

வலி என்றால் வழக்கமா?

கருப்பையின் உட்புறத்தில் ஒரு மெல்லிய படலம் உண்டு. மாதந்தோறும் அது வளர்ந்து, கரு தங்காதபோது உதிர்ந்து, மாதவிடாயாக வெளியேறுகிறது. இதே போன்ற திசு கருப்பைக்கு வெளியே, அதாவது சினைப்பையிலோ, கருக்குழாயிலோ, குடலின் மேலோ, அடிவயிற்றுச் சவ்விலோ வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். இடம் மாறி வளர்ந்தாலும் இந்தத் திசு ஹார்மோன்களின் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறது. மாதம் தவறாமல் அதுவும் கசிகிறது. ஆனால் அந்த ரத்தம் வெளியேற வழியில்லை. உள்ளேயே தேங்கி, அழற்சியை உண்டாக்கி, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. சினைப்பைக்குள் தேங்கும் பழைய ரத்தம் கெட்டியாகிப் பழுப்பு நிறமடைகிறது. டாக்டர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'சாக்லேட் சிஸ்ட்'. இனிப்பான பெயர், கசப்பான அனுபவம்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. அப்படியிருந்தும் அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய் இன்னதென்று தெரியப் பல ஆண்டுகள் ஆகின்றன. காரணம், முதல் அறிகுறியே மாதவிடாய் வலி. "பெண்ணாகப் பிறந்தால் வலிக்கத்தான் செய்யும்", "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்", "ஒரு குழந்தை பிறந்தால் போய்விடும்" என்ற மூன்று வாக்கியங்கள் ஆளுக்குச் சில ஆண்டுகளை விழுங்கிவிடுகின்றன.

வசதியும் கல்வியும் இருந்தாலும் தப்ப முடிவதில்லை. சென்னையில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற மாடலும் தொலைக்காட்சித் தொகுப்பாளருமான பத்மா லட்சுமி பதின்ம வயதிலிருந்தே இந்த வலியை அனுபவித்தவர். தனக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று அவருக்குத் தெரிய வந்தபோது வயது 36. பிறகு 2009ல் டாக்டர் டாமர் செச்கினோடு சேர்ந்து அமெரிக்காவில் இந்த நோய்க்கென ஒரு அறக்கட்டளையைத் தொடங்கினார். நியூயார்க்கில் நிலைமை இப்படியென்றால், விதர்பாவின் கிராமத்திலோ ராமநாதபுரத்தின் கிராமத்திலோ என்னவாக இருக்கும் என்று ஊகிப்பது சிரமமில்லை.

நூறு வயதுச் சந்தேகம்

எண்டோமெட்ரியோசிஸுக்கும் புற்றுநோய்க்கும் முடிச்சுப் போட்டது இன்று நேற்றல்ல. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் பணியாற்றிய ஜான் சாம்ப்சன் என்ற டாக்டர் 1921ல் சாக்லேட் சிஸ்ட்களைப் பற்றி விரிவாக எழுதினார். மாதவிடாய் ரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிப் பாய்ந்து வயிற்றுக்குள் செல்களை விதைக்கிறது என்ற கொள்கையும் அவருடையதுதான். சினைப்பையில் இருக்கும் இந்தத் திசுவிலிருந்தே புற்றுநோய் கிளம்ப முடியும் என்பதை அவர் 1925ல் விவரித்தார்.

சந்தேகம் கணக்காக மாறப் பல பத்தாண்டுகள் பிடித்தன. ஸ்வீடனில் இந்த நோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 20,000க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு 1997ல் வெளியானது. சினைப்பைப் புற்றுநோய் எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்றது அது. 2012ல் 'லான்செட் ஆன்காலஜி' இதழ் 13 ஆய்வுகளின் தகவல்களை ஒன்று திரட்டி வெளியிட்டது. சினைப்பைப் புற்றுநோய் வந்த 7,911 பெண்கள், வராத 13,226 பெண்கள். அந்த ஆய்வுதான் முக்கியமான ஒரு முடிச்சை அவிழ்த்தது.

சினைப்பைப் புற்றுநோய் என்பது ஒரே நோயல்ல. அதில் பல வகைகள் உண்டு. மிகப் பரவலானது, மிக மூர்க்கமானது 'ஹை-கிரேடு சீரஸ்' வகை. பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறு உள்ள குடும்பங்களைத் தாக்குவது பெரும்பாலும் இதுதான். இந்த வகைக்கும் எண்டோமெட்ரியோசிஸுக்கும் 2012 ஆய்வில் தொடர்பு தென்படவில்லை. தொடர்பு தெரிந்தது வேறு மூன்று வகைகளில்: 'கிளியர் செல்' வகையில் சுமார் 3 மடங்கு, 'எண்டோமெட்ரியாய்டு' வகையிலும் 'லோ-கிரேடு சீரஸ்' வகையிலும் சுமார் 2 மடங்கு. 2024 யூட்டா ஆய்விலும் இந்த வகைகள் அடங்கிய பிரிவில்தான் வாய்ப்பு மிக அதிகம், ஏறக்குறைய 7.5 மடங்கு. மூர்க்கமான பிரிவிலும் ஓரளவு கூடுதல் தெரிந்தது.

இந்த வகைப் பிரிவினை நோயாளிக்கும் முக்கியம். எண்டோமெட்ரியோசிஸோடு சேர்ந்து வரும் புற்றுநோய்கள் பல நேரங்களில் ஆரம்பக் கட்டத்திலேயே அகப்படுகின்றன. அப்போது சிகிச்சையின் பலன் நன்றாகவே இருக்கிறது. ஆனால் முற்றிய பிறகு தெரிந்தால் கிளியர் செல் வகை வழக்கமான கீமோதெரபிக்கு எளிதில் மசிவதில்லை.

செல்லுக்குள் என்ன நடக்கிறது?

2010ல் கனடாவின் வான்கூவர் ஆராய்ச்சியாளர்கள் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு துப்பை வெளியிட்டார்கள். ஏரிட்-1ஏ என்ற மரபணு, செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகாமல் தடுக்கும் காவலாளிகளில் ஒன்று. கிளியர் செல் புற்றுநோய்களில் 46 சதவீதத்திலும் எண்டோமெட்ரியாய்டு புற்றுநோய்களில் 30 சதவீதத்திலும் இந்தக் காவலாளி செயலிழந்திருந்தது. அவர்கள் சோதித்த 76 ஹை-கிரேடு சீரஸ் கட்டிகளில் ஒன்றில்கூட இந்தக் கோளாறு இல்லை. முக்கியமாக, இரண்டு நோயாளிகளின் புற்றுக்கட்டியை ஒட்டியிருந்த எண்டோமெட்ரியோசிஸ் திசுவிலும் அதே கோளாறு இருந்தது. ஒரே மரத்தின் இரு கிளைகள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கடினம்.

தேங்கிய ரத்தமும் குற்றவாளிதான் என்று கருதப்படுகிறது. சாக்லேட் சிஸ்ட்டுக்குள் பழைய ரத்தத்தின் இரும்புச்சத்து குவிகிறது. அது உருவாக்கும் வேதிப்பொருட்கள் அக்கம்பக்கத்து செல்களின் மரபணுக்களைச் சேதப்படுத்தக்கூடியவை. ஓயாத அழற்சியும், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் தூண்டுதலும் சேர்ந்துகொள்கின்றன.

ஆனால் கதை இத்தோடு முடியவில்லை. 2017ல் அதே இதழில் வந்த இன்னொரு ஆய்வு, புற்றுநோயே இல்லாத ஆழமான எண்டோமெட்ரியோசிஸ் திசுக்களைச் சோதித்தது. முழுமையாக ஆராயப்பட்ட 24 பெண்களில் 5 பேரின் திசுவில் புற்றுநோயைத் தூண்டுவதாக அறியப்பட்ட மரபணு மாற்றங்கள் இருந்தன. அவர்களுக்குப் புற்றுநோய் இல்லை. அதுவும், அவர்களுக்கிருந்த ஆழமான வகை புற்றுநோயாக மாறுவது மிக அரிது. ஆக, மரபணு மாற்றம் என்பது முதல் படி மட்டுமே. புற்றுநோயாக மாற வேறு பல படிகளைக் கடக்க வேண்டும். பெரும்பாலான பெண்களில் அந்தப் பயணம் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுகிறது.

ஆயிரம் பெண்களின் கணக்கு

மடங்குகளை மறந்துவிட்டுத் தலைகளை எண்ணினால் படம் தெளிவாகும். ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2022ல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் அதைத்தான் செய்கின்றன. சாதாரணமாக ஆயிரம் பெண்களில் 13 பேருக்கு வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய் வரலாம். எண்டோமெட்ரியோசிஸ் உள்ள ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால் அது சுமார் 25. மீதி 975 பேருக்கு வராது. (யூட்டா கணக்கில் கூடுதல் இன்னும் குறைவாக இருப்பதற்குக் காரணம், அது வாழ்நாள் கணக்கு அல்ல, ஆய்வுக் காலத்தின் கணக்கு. அதில் நோய் முதலில் கண்டறியப்பட்ட சராசரி வயது 36. சினைப்பைப் புற்றுநோயோ பெரும்பாலும் 50க்கு மேல் வருவது.)

ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தில் சாக்லேட் சிஸ்ட் உள்ள 6,398 பெண்களை 17 ஆண்டுகள் வரை கண்காணித்து 2007ல் வெளியான ஆய்வில், புற்றுநோய் வந்தவர்கள் 46 பேர். கட்டி பெரிதாக, குறிப்பாக 9 செ.மீ.க்கு மேல் இருந்தவர்களுக்கும், வயது கூடியவர்களுக்கும்தான் ஆபத்து அதிகமாக இருந்தது.

இந்தக் கணக்குகளின் அடிப்படையில்தான் ஐரோப்பிய வழிகாட்டி நெறிகள் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கின்றன: எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது என்பதற்காக மட்டும் எல்லோருக்கும் ஆண்டுதோறும் புற்றுநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டியதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களிடம் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் ஆகியவற்றின் பலனைச் சோதித்த மாபெரும் ஆய்வின் இறுதி முடிவு 2021ல் வெளியானது. பரிசோதனைகளால் சினைப்பைப் புற்றுநோய் மரணங்கள் குறையவில்லை.

ரத்தத்தில் பார்க்கும் சிஏ-125 பரிசோதனை வேறு குழப்பம். புற்றுநோயில் உயரும் அந்த அளவு எண்டோமெட்ரியோசிஸிலும் உயரும். மாதவிடாய் நாட்களில்கூட உயரும். அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவது, புகை தெரிந்தால் ஊரே எரிகிறது என்று கூவுவதற்குச் சமம்.

கேன்சர் என்ற ஆயுதம்

இந்தியாவில் இந்தக் கணக்கு ஏன் உயிர் போகும் விஷயம்? மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தைப் பார்க்கலாம். அங்கிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கரும்பு வெட்டப் போகின்றன. மாதவிடாயால் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் கான்ட்ராக்டருக்கு அபராதம் கட்ட வேண்டும். வலி, வெள்ளைப்படுதல் என்று போன பெண்களிடம் தனியார் மருத்துவமனைகள் சிலவற்றில் கேன்சர் பயத்தைக் காட்டிக் கருப்பையை எடுத்தார்கள் என்ற புகார் 2019ல் வெடித்தது. மூன்று ஆண்டுகளில் அந்த ஒரு மாவட்டத்தின் தனியார் மருத்துவமனைகளில் 4,605 கருப்பை நீக்க அறுவை சிகிச்சைகள் நடந்ததாக மாநில அரசே சட்ட மேலவையில் சொன்னது.

பீட் தனியல்ல. ராஜஸ்தான், பிகார், சத்தீஸ்கரில் நடந்த தேவையற்ற அறுவை சிகிச்சைகள் குறித்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022ல் வகுத்த நெறிமுறைகளை மூன்று மாதங்களுக்குள் எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 3 சதவீதம் பேர் ஏற்கனவே கருப்பை நீக்கம் செய்துகொண்டவர்கள். ஆந்திராவிலும் தெலுங்கானாவிலும் இது 8 சதவீதத்தைத் தாண்டுகிறது.

எண்டோமெட்ரியோசிஸ் விஷயத்தில் இன்னொரு முரண்பாடு இருக்கிறது. கருப்பையை மட்டும் எடுத்தால், நோய் குடியிருக்கும் இடங்கள் அப்படியே இருக்கின்றன. வலி தொடரலாம். புற்றுநோய் வரக்கூடிய சினைப்பையும் அங்கேயே இருக்கிறது. அதையும் சேர்த்து முப்பது, முப்பத்தைந்து வயதில் எடுத்துவிட்டால் மறுநாளே மெனோபாஸ். எலும்பு தேய்கிறது, இதய நோய் வாய்ப்பு கூடுகிறது. ஆயிரத்தில் பன்னிரண்டு பேருக்குக் கூடுதலாக வரும் ஆபத்தைத் தவிர்க்க, ஆயிரம் பேரும் இந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

அறுவை சிகிச்சையே கூடாது என்று இதற்குப் பொருளல்ல. வலி தாங்க முடியாதபோது, மருந்துகள் கைவிடும்போது, ஸ்கேனில் சந்தேகம் எழும்போது அது அவசியம். கண்ணில் படும் எண்டோமெட்ரியோசிஸ் முழுவதையும் அகற்றினால் புற்றுநோய் வாய்ப்பு குறையலாம் என்பதற்கும் ஓரளவு ஆதாரம் இருக்கிறது. ஆனால் சினைப்பைக் கட்டியை அகற்றும்போது கருமுட்டைகளின் இருப்பும் குறையும். குழந்தை வேண்டும் என்று காத்திருக்கும் பெண்ணுக்கு அது பெரிய இழப்பு. நன்மை தீமைகளை எடைபோட்டு ஒவ்வொரு பெண்ணும் தன் டாக்டரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு இது.

எதிர்பாராத கவசம்

பாதுகாப்பு தரும் சில விஷயங்களும் தெரிய வந்துள்ளன. கருத்தடை மாத்திரைகளை ஐந்து ஆண்டுகள் சாப்பிட்டால் சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு ஏறக்குறைய 20 சதவீதம் குறைகிறது என்று 45 ஆய்வுகளைத் தொகுத்து 2008ல் 'லான்செட்' இதழ் காட்டியது. எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கும் இதே மாத்திரைகள் தரப்படுவதுண்டு. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு போன்ற ஆபத்துகள் உள்ளவர்களுக்கு இவை பொருந்தாது என்பதால் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. பிள்ளைப் பேறும் தாய்ப்பால் கொடுப்பதும்கூட வாய்ப்பைக் குறைக்கின்றன.

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சையும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. கருக்குழாயை அடைத்துவிட்ட பெண்களில் எண்டோமெட்ரியாய்டு, கிளியர் செல் வகைப் புற்றுநோய்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பின்னோக்கிப் பாயும் ரத்தத்தின் வழி அடைபடுவது ஒரு காரணமாக இருக்கலாம். திருமணமான இந்தியப் பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். அவர்கள் அதைச் செய்துகொண்டது வேறு காரணத்துக்காக என்றாலும் இது கூடுதல் லாபம்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

பயப்பட வேண்டாம் என்பதற்கு அலட்சியமாக இருக்கலாம் என்று அர்த்தமில்லை. இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகம், கருப்பை வாய்க்கு அடுத்த இடம் சினைப்பைக்குத்தான். 2022ல் சுமார் 47,000 பெண்களுக்குப் புதிதாக வந்ததாகவும், சுமார் 33,000 பேர் இறந்ததாகவும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீடு சொல்கிறது. பெரும்பாலோர் முற்றிய நிலையில்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். எண்டோமெட்ரியோசிஸ் இருப்பது தெரிந்தவர்கள் கீழ்க்கண்டவற்றை மனதில் வைத்துக்கொள்வது நல்லது:

• இதுவரை மாதவிடாயோடு வந்துபோன வலி, குணம் மாறி எந்நேரமும் இருக்கத் தொடங்கினால் டாக்டரிடம் போக வேண்டும்.

• வயிறு உப்பியே இருத்தல், கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிட்ட உணர்வு, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவை சில வாரங்கள் தொடர்ந்தால் 'கேஸ் டிரபிள்' என்று ஒதுக்கக் கூடாது.

• நாற்பத்தைந்து வயதுக்கு மேல் சாக்லேட் சிஸ்ட் வேகமாகப் பெரிதானால், அல்லது அதனுள் ரத்த ஓட்டமுள்ள கெட்டியான முடிச்சு இருப்பதாக ஸ்கேன் சொன்னால், தாமதிக்காமல் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் அனுபவமுள்ள மகளிர் நோய் நிபுணரைப் பார்க்க வேண்டும்.

• மாதவிடாய் நின்ற பிறகு சிஸ்ட் தானாகச் சுருங்க வேண்டும். வளர்ந்தால் விசாரிக்க வேண்டும். நின்ற பிறகு ரத்தப்போக்கு வந்தாலும் அப்படியே.

• கருப்பை நீக்கம் செய்துகொண்டவர்கள் ஹார்மோன் சிகிச்சை எடுத்தால், எண்டோமெட்ரியோசிஸ் இருந்ததை டாக்டரிடம் சொல்ல வேண்டும். இவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகத் தருவது உசிதமல்ல.

• தாய், சகோதரி, அத்தை என்று ரத்த உறவில் யாருக்காவது சினைப்பை அல்லது மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அது தனிக் கணக்கு. மரபணுப் பரிசோதனை தேவையா என்று கேட்க வேண்டும்.

கருப்பையை எடுக்கச் சொன்னால் மூன்று கேள்விகள் கேட்கலாம். கேன்சர் சந்தேகம் என்றால் அது எந்தப் பரிசோதனையில் தெரிந்தது? மருந்து கொடுத்துப் பார்த்தாகிவிட்டதா? சினைப்பையையும் எடுப்பீர்களா, ஏன்? நல்ல டாக்டர் மூன்றுக்கும் பதில் சொல்வார். பதில் கிடைக்காவிட்டால் வேறொரு டாக்டரின் கருத்தைக் கேட்பது நோயாளியின் உரிமை.

ஆராய்ச்சிகளில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மேலே சொன்ன ஆபத்துக் கணக்குகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் கிடைத்தவை. இந்தியப் பெண்களின் எண்டோமெட்ரியோசிஸ் எப்படிப்பட்டது, அதன் மரபணுப் பின்னணி என்ன என்று அறிய, மும்பையிலுள்ள தேசிய இனப்பெருக்க, குழந்தைநல ஆராய்ச்சி நிறுவனம் நாட்டின் பல மையங்களைச் சேர்த்து ஒரு ஆய்வை நடத்தத் தொடங்கியிருக்கிறது. ஆனால் பதிவேட்டில் ஏற வேண்டுமானால் முதலில் நோய் கண்டுபிடிக்கப்பட வேண்டும். அதற்கு, மாதாமாதம் இரண்டு நாள் பள்ளிக்கு லீவு போட்டுச் சுருண்டு கிடக்கும் பதினைந்து வயதுப் பெண்ணை யாராவது டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டும். டாக்டரும் அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அந்த வயதில் தொடங்கும் சிகிச்சைக்குச் செலவு அதிகமில்லை. பெரும்பாலும் மாத்திரைகளே போதும்.